கீழிறங்கும் உரிமை

காலையில் பாவாயி குளியலறைக் கதவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். நான்கு கொடுத்தால் கதவு காரணம் கேட்கும். மூன்று கொடுத்தால் மனம் உடைந்து அரைநாள் திறக்காது. போன மாதம் பக்கத்து வீட்டு மனிதர் அவசரத்தில் இரண்டைத் தொட்டுவிட்டு, மத்தியானம்வரை உள்ளே உட்கார்ந்து கதவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்புக்கு ஐந்து, செருப்புக்கு ஐந்து, காற்றுக்குழாய்க்கு ஐந்து. செவ்வாய்க் கோளின் செங்கோம்பைக் குடியிருப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் இப்படித்தான் பொழுதைத் தொடங்கின. எல்லாப் பொருளுக்குள்ளும் 'வாசல் 41' என்ற இயங்குதளம் குடியிருந்தது. நாற்பத்தோராவது பதிப்பில் அதற்கு உணர்ச்சி சேர்த்திருந்தார்கள். யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

பாவாயியின் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. பூமியில் திருச்செங்கோட்டுக்காரர்கள் போர் போடாத மாநிலமே இல்லை என்பார்கள். பூமியில் துளை போட இடம் தீர்ந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், ரிக்கைக் கழற்றிக் கப்பலில் ஏற்றியதுதான். அந்த வம்சத்தில் வந்த பாவாயி 'செம்மண் போர்வெல்ஸ்' என்ற பெயரில் செவ்வாயின் உறைநிலத்துக்கு அடியில் இருக்கும் நீரைத் தேடிக் குழி போட்டுக்கொண்டிருந்தாள். ரிக்கின் வயிற்றில் மூதாதையர் கொண்டுவந்த ஒரு சாம்பல்நிறக் கணினிப் பெட்டி. அதில் 'வாசல் 7'. அதன்மேல் 'பாதாளம்' என்கிற துளைப்பு மென்பொருள். எதைச் செய்யச் சொன்னாலும் அது ஒரே கேள்விதான் கேட்கும்: உறுதியா? கீழே ஆமாம், இல்லை என்று இரண்டு மஞ்சள் பொத்தான்கள். அதற்குமேல் அதற்கு மனிதர்களின் வாழ்க்கையில் அக்கறை இல்லை.

பாதாளத்தைப் புதிய வாசலில் ஓட்டிப் பார்க்காமலும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் முயன்றார்கள். இருநூறு மீட்டரில் கரும்பாறை தட்டுப்பட்டதும் வாசல் 41 துளைப்பதை நிறுத்திவிட்டு, பாறையின் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டாமா என்றது. அது கேட்டு முடிப்பதற்குள் நாற்பது மணி நேரம் ஓடிவிட்டது. செவ்வாயில் சூடான துளைமுனை நாற்பது மணி நேரம் நின்றால் உருகிய சேறெல்லாம் மறுபடி உறைந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். அந்த இருநூறு மீட்டர் குழாய் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகு பாவாயி புதுசு என்ற சொல்லையே வீட்டில் யாரையும் சொல்ல விடவில்லை.

வினை ஒரு படிவத்தில் வந்தது. குடியிருப்பின் பழைய நீரூற்று வற்றிக்கொண்டிருந்ததால் புதிதாக ஆழக் குழி போட நீர்வாரியம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. படிவத்தின் நாற்பத்தேழாவது கட்டத்தில், எந்திரத்தின் இயங்குதளம் எது என்று கேட்டிருந்தார்கள். ஊரில் ரிக் வைத்திருந்த மற்ற ஐந்து பேரும் ஓட்டுவது வாசல் 7, எழுதியது 41. பாவாயி 7 என்று எழுதினாள். ரிக்கை ஓட்டுகிற, அவளை நங்கையா என்று கூப்பிடும் கொழுந்தன் அத்தியப்பனுக்கு மனசே ஆறவில்லை.

"ஊரே நாப்பத்தொண்ணுன்னு எழுதுது. நமக்கு மட்டும் ஏனுங்க நங்கையா இந்த வேலை?"

"இருக்கறதத்தான எழுதோணும்" என்றாள் பாவாயி. அவளுடைய நேர்மை அப்படிப்பட்டது. பல்லாண்டுகளாக ஊரில் இதனால் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது, வேறொன்றும் இல்லை.

ஒப்பந்தம் அவளுக்கே கிடைத்தது. குழி நானூற்றுப் பன்னிரண்டு மீட்டரைத் தொட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த நாற்பத்தேழாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு உரிமக் காப்பகத்திலிருந்து ஆய்வாளர் வந்து சேர்ந்தார். எட்வின் பொன்னையா என்று பெயர். சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். பூமியில் வாசலைச் செய்த நிறுவனம் கைமாறிக் கைமாறி, கடைசியில் அதன் உரிமை முழுவதும் செவ்வாயின் உரிமக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. உரிமமில்லாத எந்திரம் எதுவானாலும் காப்பகத்தின் தலைமைக் கணினி அங்கிருந்தபடியே அதற்கு மென்முத்திரை இட்டு நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத பூட்டு அது. வாசல் 7க்கு உரிமம் காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் ரிக்குக்கு முத்திரை விழும் என்று அவர் தன்மையாகச் சொன்னார்.

பாவாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். முத்திரை விழுந்தால் நாற்பது மணி நேரத்தில் குழி உறையும். நானூற்றுச் சொச்சம் மீட்டர் குழாய் போகும், தொழில் போகும். பழைய ஊற்றில் இரண்டு மாதத் தண்ணீர்தான் பாக்கி. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? விலை என்னவானாலும் ஒரு வாசல் 7 உரிமம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள்.

"அது வித்து முந்நூறு வருசம் ஆச்சும்மா. இப்ப விக்கதெல்லாம் நாப்பத்தொண்ணு மட்டுந்தான்."

விற்காத பொருளை எங்கே போய் வாங்குவது, வாங்க முடியாத பொருளை வைத்திருப்பது எப்படிக் குற்றமாகும் என்று அத்தியப்பன் கேட்டான். எட்வின் பொன்னையா இந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர் மாதிரி ஒரு கையேட்டை எடுத்து விரித்தார். அதற்கென்று 'கீழிறங்கும் உரிமை' என்று ஒன்று சட்டத்தில் இருந்தது. பழையதைப் பயன்படுத்த விரும்புகிறவர் முதலில் புதியதை வாங்க வேண்டும். வாங்கி, நிறுவி, இது எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு படி கீழே இறங்கலாம். அங்கிருந்து அடுத்த படி. நாற்பத்தொன்றிலிருந்து ஏழுக்கு முப்பத்து நான்கு படிகள். ஒன்றையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. பழஞ்சோறு சாப்பிட ஆசைப்பட்டவன் பிரியாணிக்குக் காசு கட்டி, அதைக் கொட்டிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத்தான் அறுபது பக்கத்தில் எழுதியிருந்தார்கள். இதுவரை எத்தனை பேர் இப்படி இறங்கியிருக்கிறார்கள் என்று பாவாயி விசாரித்தாள். அவள்தான் முதல் ஆள் என்றார் ஆய்வாளர். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்றே தொடங்கினார்கள். ரிக் ஒரு பக்கம் குழியைத் துளைத்துக் கீழே போக, இன்னொரு பக்கம் ஆய்வாளர் கொண்டுவந்த வெற்றுக் கணினியில் பாவாயி பதிப்பு பதிப்பாகக் கீழே போனாள். வாசல் 40 விடைபெறும் விழா நடத்தாமல் போக மாட்டேன் என்றது. அத்தியப்பன் ஒரு பாட்டுப் பாடி அனுப்பிவைத்தான். முப்பத்தாறு பழமொழியில் மட்டும் பேசியது. முப்பத்தொன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைப் பற்றியே விளம்பரம் காட்டி, விளம்பரம் பிடித்திருந்ததா என்று கருத்தும் கேட்டது. இருபத்தேழின் ஒப்பந்தம் தொள்ளாயிரம் பக்கம். ஒரு காலத்தில் கோடிக்கணக்கான மனிதர்கள் அதைப் படித்து ஏற்றுக்கொண்டதாகப் பதிவு இருந்தது. சராசரியாக ஒருவர் படிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றரை வினாடி. அந்தக் காலத்து மனிதர்களின் அறிவுக் கூர்மையை நினைத்து எட்வின் பொன்னையா வியந்தார். பன்னிரண்டில் அணைக்கும் பொத்தானை ஒளித்துவைத்திருந்தார்கள். அதைத் தேடி வியாழக்கிழமை மாலை முழுவதும் போயிற்று. ஒன்பது என்று ஒரு பதிப்பே இல்லை, ஒரு படி மிச்சம். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அதையெல்லாம் கேட்கக் கூடாது என்றார் ஆய்வாளர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டாம் பதிப்பு கழன்றது. குழி நானூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. பாவாயி கும்பிட்டுவிட்டுக் கடைசிப் பொத்தானைத் தொட்டாள். 'ஏழாம் பதிப்புக்கு மட்டும், எந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அசல் ஒட்டுச்சீட்டின் இருபத்தைந்து எழுத்து எண்ணைத் தரவும்' என்று திரையில் வந்தது.

அந்தக் காலத்தில் கணினியை விற்கும்போது அதன் பக்கத்தில் எண்ணோடு ஒரு சீட்டு ஒட்டுவார்களாம். மூவரும் போய் ரிக்கின் சாம்பல் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சீட்டைக் காணோம். வலது பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சந்தனப் பொட்டு மட்டும் இருந்தது.

பொட்டின் கதை எளிமையானது. திருச்செங்கோட்டு வழக்கப்படி ஆயுதபூஜைக்கு ரிக்கை நிறுத்தி, கழுவி, மாலை போட்டு, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பெட்டி முழுக்கக் காற்றுத் துளைகள். சந்தனம் நிற்கத் தோதாக ஒரே ஒரு வழுவழுப்பான சதுரம்தான் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் என்று முதல் தலைமுறை நினைத்தது. போன வருடத்துப் பொட்டைச் சுரண்டுவது குற்றம், மேலேதான் பூச வேண்டும் என்று இரண்டாம் தலைமுறை விதி செய்தது. முந்நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு குடும்பமே பக்தி சிரத்தையோடு தன்னுடைய உரிமத்தை மெழுகி மூடியிருந்தது.

சாமி குத்தம் ஆகிவிடும் என்று அத்தியப்பன் குறுக்கே நின்றான். பாவாயிக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் மணி பத்தரை. "சாமி கும்படறதே தண்ணி வரோணும்னுதான். நகரு" என்று சொல்லித் தோசைக்கரண்டியை எடுத்தாள். ஒவ்வொரு அடுக்காகப் பெயர்ந்தது. செவ்வாயில் செய்த செயற்கைச் சந்தனம் மேலே, கப்பலில் கரைத்தது நடுவே, பூமியின் நிஜச் சந்தனம் அடியில். கடைசி அடுக்கு விழுந்தபோது மணமும் வந்தது, சீட்டும் வந்தது.

எண் தெளிவாக இருந்தது. அதன் கீழே பால்பாயிண்ட் பேனாவில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். பாவாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'எல்லா மிஷினுக்கும் இதே நம்பர் போடலாம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். சீனு, கம்ப்யூட்டர் சர்வீஸ்.'

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகம் எரிந்தது. அசல் என்று அவள் நூறு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்ட பெட்டி, ஆயுதபூஜைக்கு அவள் விழுந்து கும்பிட்ட பெட்டி, திருட்டு எண்ணில் ஓடியிருக்கிறது. இருந்தும் மறைக்கத் தோன்றவில்லை. சீட்டைத் திருப்பி ஆய்வாளர் பக்கமே காட்டினாள்.

எட்வின் பொன்னையாவின் முகம் இறுகியது. "எங்க வீட்டுல கடுகு டப்பாவுக்குக்கூட உரிமம் உண்டும்மா. திருட்டு நம்பரை நான் கண்டுக்காமப் போக முடியாது" என்று சொல்லி, கையிலிருந்த சரிபார்ப்பியில் எண்ணைத் தட்டினார். அது தலைமைக் கணினியைக் கேட்டது. பதில் வந்தது: 'எண் செல்லும். இதே எண்ணில் ஓடும் எந்திரங்கள் 61,412. பட்டியல் காட்டவா?' கீழே இரண்டு மஞ்சள் பொத்தான்கள்.

அத்தியப்பன் எட்டிப் பார்த்தான். "இது நம்ம பெட்டி கேக்கற மாதிரியே கேக்குதுங்களே" என்றான்.

ஆய்வாளர் ஆமாம் என்பதைத் தொட்டார். பட்டியலின் முதல் வரி: உரிமக் காப்பகம், தலைமைக் கணினி. உரிமங்களைச் சரிபார்க்கும் மென்பொருளும் பழைய காலத்தது, புதிய வாசல்களில் ஓடாதது, அதனால் யாரோ எப்போதோ ஓசைப்படாமல் அதை வாசல் 7இல் ஏற்றியிருந்தார்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துபோயிற்று. இரண்டாவது, ஆளுநர் மாளிகை. மூன்றாவது, செங்கோம்பைக் காற்று நிலையம். கீழே போகப் போக நீதிமன்றம், மருத்துவமனை, மற்ற ஐந்து ரிக்குகள். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம் என்ற சீனுவின் வேண்டுகோளை அறுபத்தோராயிரம் பேர் காப்பாற்றியிருந்தார்கள்.

அடுத்த கேள்வி வந்தது. 'ஒரே எண் பல எந்திரங்களில். சட்டப்படி அனைத்துக்கும் மென்முத்திரை இடவா? உறுதியா?'

எட்வின் பொன்னையாவின் கட்டைவிரல் ஆமாம் பொத்தானுக்கு மேலே நின்றது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னதில்லை.

"மூணாவது வரியப் படிச்சீங்களா?" என்று பாவாயி மெதுவாகக் கேட்டாள். "நாம மூணு பேரும் இப்ப மூச்சு உட்டுட்டிருக்கறது அதுலதானுங்க."

அவர் மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு இல்லை என்பதைத் தொட்டார். கணினி ஏன் என்று கேட்கவில்லை, வருத்தப்படவில்லை, நட்சத்திரமும் கேட்கவில்லை. வாசல் 7இன் அருமை எட்வின் பொன்னையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சரிபார்ப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, பாவாயியைப் பார்க்காமல் கேட்டார்.

"சந்தனம் இருக்காம்மா?"

கிண்ணத்தில் குழைத்துக் கொடுத்தாள். அவரே தம் கையால் எண்ணின் மேல் தாராளமாகப் பூசினார், நடுவில் குங்குமமும் வைத்தார். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறிக்கை போயிற்று: 'ஒட்டுச்சீட்டு வழிபாட்டுப் பொருளால் மூடப்பட்டிருப்பதால் வாசிக்க இயலவில்லை. நம்பிக்கையைப் புண்படுத்தாமல் விலக்கு அளிக்கப்படுகிறது.' மறுநாள் நானூற்று நாற்பத்திரண்டாவது மீட்டரில் தண்ணீர் பீறிட்டு வந்தது. ஊரே கூடி நனைந்தது. பாவாயி மட்டும் நனைந்தபடியே அந்தச் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அரசாங்கம் என்று ஒன்று எதற்கு?

அடுத்த ஆயுதபூஜைக்கு உரிமக் காப்பகம் தன் தலைமைக் கணினிக்கு மிக விமரிசையாகச் சந்தனம் சாத்தியது. பதவி உயர்ந்திருந்த எட்வின் பொன்னையா ஒரு சுற்றறிக்கை எழுதினார். அதன்படி பழைய எந்திரங்களின் ஒட்டுச்சீட்டை இனி யாரும் காட்ட வேண்டியதில்லை, காட்டக் கூடாது. அதன்மேல் குறைந்தது பன்னிரண்டு மில்லிமீட்டர் சந்தனம் இருக்க வேண்டும். அதுவும் புதிதாக அப்பியதாக இல்லாமல், வருடா வருடம் படிந்ததாக இருக்க வேண்டும்.

தடிமன் அளக்கும் கருவியோடு ஓர் இளம் அதிகாரி பாவாயியிடம் வந்தாள். மற்ற ஐந்து ரிக்குகளும் தேறிவிட்டன. பாவாயியின் பெட்டியில் இரண்டே மில்லிமீட்டர்.

"பழைய சந்தனம் எங்க மேடம்?"

"உங்காபீசு சொல்லித்தானுங்க போன வருசம் சொரண்டுனன்."

சுரண்டச் சொன்னதற்கு ஆவணம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டாள். இல்லை. இருந்த ஒரே அறிக்கையில், சந்தனத்தால் மூடியிருந்ததால் சீட்டை வாசிக்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தது. ஏழு நாளில் பன்னிரண்டு மில்லிமீட்டர் காட்டாவிட்டால் முத்திரை விழும். அப்போதும் ரிக் ஒரு குழியின் நடுவில்தான் இருந்தது, இந்த முறை முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர். ஏழு நாளில் பல வருடத்துச் சந்தனம் எப்படிப் படியும் என்றதற்கு, காப்பகமே சான்றளித்த 'அசல் பழஞ்சந்தன வில்லை' விற்கிறது, வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்றாள் அதிகாரி. ஒவ்வொரு வில்லையின் முதுகிலும் இருபத்தைந்து எழுத்து எண் இருக்குமாம். இருப்பு தீர்ந்துவிட்டது. அடுத்த கப்பலில் வரும். கப்பல் வர எட்டு மாதம்.

அதிகாரி போனபின் அத்தியப்பன் வந்து நின்றான். பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு மஞ்சள் வில்லையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். காற்று நிலையத்துக்குப் பின்னால் ஒருவன் செய்கிறான், பன்னிரண்டு மில்லிமீட்டர் அச்சாக இருக்கும், மற்ற ஐந்து ரிக்கிலும் இதுதான் என்றான். பாவாயி அதைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் எண் இருந்தது.

"எல்லா வில்லைக்கும் அதே நம்பர்தானுங்க நங்கையா" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

ரிக் துளைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பாவாயி அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வில்லையைப் பெட்டியில் அழுத்தி ஒட்டினாள். அதிகாரி விட்டுச் சென்ற திரைப்படிவத்தை எடுத்தாள். முதல் கட்டத்தில், சந்தனம் அசலா என்று கேட்டிருந்தார்கள். உறுதியா என்றும் கேட்டிருந்தார்கள். ஒன்றரை வினாடிகூட ஆகவில்லை, இரண்டு இடத்திலும் ஆமாம் என்பதைத் தொட்டாள்.